செம்பு முதலில் விழுந்தது

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களுக்கு,

சென்ற மாதம் நம் கல்லூரிப் பழைய மாணவியரின் தேநீர் விருந்தில் உங்களில் ஒருவர் எழுந்து நின்று, ஒரேயொரு ஆங்கிலச் சொல்லால் ஒரு கலியாணத்தைக் கவிழ்த்தவர் நம் வகுப்பில்தான் இருக்கிறார் என்று சொன்னார். மண்டபம் சிரித்தது. நானும் சிரிப்பேன் என்று சிலர் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டேன். அறுபத்தாறு வருடங்களாக அந்தக் கதையை மற்றவர்களே சொல்லி வருகிறார்கள். கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த கடிதத்துக்கு மறுமொழியாக இம்முறை அதை நானே எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் எழுதிய சொல் சரியானது.

அந்தச் சொல் 'கொலாப்ஸ்'.

அது நமக்கு எப்படி அறிமுகமானது என்பது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். மூன்றாம் தவணையின் கடைசிக் கிழமை. சேலை மடிப்புக் கலையாமல் வரும் நம் ஆங்கில ஆசிரியை, விடுதி விறாந்தையில் கிடந்த கன்வஸ் சாய்மனைக் கதிரையை வகுப்புக்குத் தூக்கிவரச் செய்தார். அதை விரித்து வைத்து, முதலில் ஒரு பக்கமாகத் தள்ளி விழுத்தினார். இது விழுதல் என்றார். பிறகு நிமிர்த்தி வைத்துப் பின்புறத் தடியை மெல்ல உருவினார். கதிரையை ஒருவரும் தள்ளவில்லை. அது தன் கால்களுக்குள் தானே மடிந்து, துணி ஒரு மூச்சை விட்டாற்போல், தரையோடு தரையாகிப் போனது. இதுதான் கொலாப்ஸ் என்றார். தாங்கி நின்ற ஒன்று உள்ளுக்குள் விட்டுப்போனால் வருவது. கூரைக்குச் சொல்லலாம், மனிதனுக்குச் சொல்லலாம், ஓர் அரசாங்கத்துக்கும் சொல்லலாம். வாழைப்பழத் தோலில் கால் வைத்தவனுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மார்கழி விடுமுறைக்கு நான் நெடுந்தீவுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் மாத்தறையில். அங்கே எங்களுக்குக் கடை இருந்தது. விடுமுறைகளில் நான் பெரியப்பா வீட்டுப் பிள்ளை. குறிகட்டுவானில் லோஞ்சுப் படகு ஏறினால் டீசல் புகையும் கருவாட்டு வாடையும் கலந்து வயிற்றைப் புரட்டும். என் றங்குப்பெட்டியின் மேல் இருந்துகொண்டு, சத்தி எடுக்காமல் போய் இறங்குவதை ஒரு மானப் பிரச்சினையாகவே வைத்திருந்தேன். இறங்குதுறையில் பெரியப்பா மாட்டுவண்டிலோடு நிற்பார். தோட்டமும் பனங்காணியும் உள்ளவர். கோயில் திருவிழாவிலும் ஊர் வழக்கிலும் அவருடைய பேச்சுத்தான் கடைசிப் பேச்சு. அவர் எதிலும் சாய்ந்திருந்து நான் கண்டதில்லை. கதிரையில் இருந்தாலும் முதுகுக்கும் கதிரைக்கும் இடையில் ஒரு கை போகும்.

அந்த வருடம் மழை கூடுதலாகப் பெய்தது. நான் போய் மூன்றாம் நாள் மேற்கு வளவின் மதில் சரிந்தது. எங்கள் தீவில் மதில் என்றால் சாந்தில்லாமல் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. அந்த நேரம் நான் விறாந்தையில் நின்றேன். காற்றில்லை, மாடு முட்டவில்லை. நடுவில் ஒரு கல் உள்ளே போனது. பிறகு இரண்டு பக்கமும் அதைத் தொடர்ந்து போயின. ஆசிரியையின் கதிரை என் நினைவுக்கு வந்தது. சொன்னதற்குப் பொருத்தமாக உலகம் நடந்துகொள்கிறது என்று பன்னிரண்டு வயதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் மதிலைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. பெரியப்பாவின் ஒரே மகளான அக்காவுக்குக் காரைநகரில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். அவருடைய தாய்மாமன் அடுத்த கிழமை வந்து தைமாதத்தில் நாள் குறிப்பதாக ஏற்பாடு. அக்கா இரண்டு தலையணை உறைகளுக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தா. மூலையில் மாப்பிள்ளையின் பெயருக்குரிய ஆங்கில எழுத்து, நீல நூலில். எழுத்தை வடிவாகக் கீறிக் கொடுத்தவள் நான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மழை விட்டு நாலு நாளாகியிருந்தது. முற்றத்து மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நான் குசினி வாசலில் சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா தோட்டத்தால் வந்து, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு, பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரோடு குசினிப் பக்கம் நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். யாரோ கூப்பிட்டதைக் கேட்பவர் போல முகத்தைச் சற்றுத் திருப்பினார். அவருடைய கை விரிந்தது. செம்பு விழுந்து உருண்டு, தண்ணீர் மணலில் ஒரு கறுத்த வட்டமாகப் பரவியது. இனிக் குனிந்து அதை எடுக்கப் போகிறார் என்று நினைக்க எனக்கு நேரம் இருந்தது. பிறகுதான் முழங்கால்கள் மடிந்தன. பிறகு முழு ஆளும். வழுக்குகிறவனுடைய கைகள் எதையாவது பிடிக்கப் போகும். அவருடைய கைகள் எங்கும் போகவில்லை.

நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கியபோது முகம் சாம்பல் நிறமாயிருந்தது. சற்று நேரத்தில் கண் திறந்தார். உடம்புக்கடியில் மடிந்த கணுக்கால் வீங்கத் தொடங்கியது.

பெரியம்மா வந்தா, பார்த்தா, எல்லாவற்றையும் ஒரு நொடியில் கணக்குப் பண்ணிக்கொண்டா. சம்பந்தம் செய்ய வருபவர்கள் தகப்பனுக்கு 'விழுகிற வருத்தம்' என்று கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்களில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது வலிப்பு என்றுதான் பேசப்படும்; மகளுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று போகும். மத்தியானத்துக்கிடையில் பெரியப்பா விழுந்த இடத்தை ஏழு கவடு தூரம் பின்னுக்குத் தள்ளிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேதான் பாசி இருந்தது. முறிவு வைத்தியர் வந்து, பாசியைத் திட்டிவிட்டு, கணுக்காலுக்கு எண்ணெய் பூசிப் பத்துப் போட்டுக் கட்டினார். இலைச்சாறும் நல்லெண்ணெயும் கலந்த அந்த மணம் வீடு முழுக்க நின்றது. நெஞ்சில் ஒருவரும் காது வைத்துப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் மாமனை வரவேற்க ஆம்பிளை வேண்டும். பெரியப்பா எழும்ப ஏலாது. ஆகவே அப்பாவுக்குத் தந்தி. தபாலதிபர் காரைநகர்க்காரர், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்து உறவு. அவரைக்கொண்டு எழுதுவிக்கப் பெரியம்மாவுக்கு மனமில்லை. கல்லூரிப் பிள்ளை நான் இருந்தேன். வழுக்கி விழுந்தவர், கால் சுளுக்கு, பயமில்லை, உடனே வரட்டாம் என்று எழுதச் சொன்னா.

இங்கே நம் தீவார் தந்தியைப் பாவித்த முறையைச் சொல்ல வேண்டும். இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. தென்பகுதியில் கடை வைத்திருந்தவர்களை ஊருக்கு வரவழைக்க 'மதர் சீரியஸ்' என்று தந்தி அடிப்பது வழக்கம். தேர்த் திருவிழாவுக்கும் அதே தந்தி, வேலித் தகராறுக்கும் அதே தந்தி. அப்பா அப்படி மூன்று தரம் ஓடிவந்து, மூன்று தரமும் தாயார் உலக்கையோடு நின்று மாவிடிப்பதைக் கண்டவர். இனிச் 'சீரியஸ்' என்று வந்தால் கிழித்துப் போடுவேன் என்று சொல்லிப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். பயமில்லை என்று வருகிற தந்திக்கு அவர் கடையைப் பூட்டவே மாட்டார் என்பதும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியப்பா வழுக்கவில்லை என்பது தெரியும்.

நான் எழுதினேன்: பிறதர் கொலாப்ஸ்ட் கம் அட் வன்ஸ். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவ கேட்டதை எழுதியிருக்கிறேன் என்று காட்டிக்கொண்டு போனேன். இதை மறைக்கப் போவதில்லை. அதற்காக வெட்கப்படவும் போவதில்லை.

தபாற் கந்தோருக்குப் பெரியப்பா வீட்டு வேலையாளும் கூட வந்தார். பெரியவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டார் என்று அவர் முன்கூட்டியே தபாலதிபருக்குச் சொல்லிவிட்டார். தபாலதிபர் என் தாளை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பிள்ளை, இந்தச் சொல்லின்ரை கருத்து என்னெண்டு தெரிஞ்சோ எழுதினனீர்?"

"ஓம்."

"ஃபெல் எண்டு போட்டாலும் காணும். சின்னச் சொல். ஒருத்தரும் பயப்பிடமாட்டினம்."

"அப்பிடி விழேல்லை, ஐயா."

அவர் என் தாளை மேசையில் நேராக்கி வைத்தார். பிறகு, அப்படியென்றால் எழுத்தைக் கூட்டிச் சொல்லும் பார்ப்பம் என்றார். நான் விறைத்து நின்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரண்டு எல் என்ற இடத்தில் அவர் தலையசைத்தார். பிறகு தந்தி இயந்திரத்தில் விரலை வைத்தார். சொல் டக்கு டக்கென்று கடலைக் கடந்து போவது எனக்குக் கேட்டது.

புதன்கிழமை மத்தியான லோஞ்சில் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு பார்சல். அதே லோஞ்சில் காரைநகர் மாமனும் வந்து இறங்கினார். ஒரு கிழமை முந்தி, பழத்தட்டு இல்லாமல், தனியாக. தபாலதிபரின் கடிதம் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. இருவரும் முன்பின் தெரியாதவர்கள். ஒரே படலைக்கு வந்த பிறகுதான் ஒரே வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கண்டுகொண்டார்கள்.

பெரியப்பா விறாந்தையில் நிமிர்ந்திருந்தார், கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு. அவரைக் கண்டதும் அப்பா முற்றத்தில் அப்படியே நின்றார். கையிலிருந்த பார்சல் அவிழ்ந்து, புது வெள்ளை வேட்டியும் கற்பூரப் பெட்டியும் எல்லோருக்கும் தெரிந்தன. தமையனைக் கொண்டுபோய்ச் சுட வந்தவர்.

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடும். ஆனால் அவ கெட்டிக்காரி. மாமனுக்குக் கதிரை இழுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னா:

"கொலிச்சிலை படிச்சால் காணுமோ? கருத்துத் தெரியாமல் பெரிய சொல்லாய்ப் பாத்துப் போட்டிட்டுது. சின்னப்பிள்ளைதானே. சொல்லு பிள்ளை, பிழையாய் எழுதிப்போட்டன் எண்டு மாமாவுக்குச் சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அறை வாசலில் அக்கா நின்றா. கையில் அந்தத் தலையணை உறை, ஊசி குத்தியபடி. நான் அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதும் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஆங்கிலம் பிழைத்தது என்றால் யாருக்கு நட்டம்? ஆனால் அப்பாவும் அதை நம்பி அடுத்த லோஞ்சில் திரும்பிப் போய்விடுவார். பெரியப்பா பத்துக் கட்டிய காலோடு இருந்து, இன்னொரு காலையில் செம்போடு நடந்து வருவார்.

"பிழையில்லை," என்றேன்.

மாமன் மென்மையான மனிதர். முன்னுக்குக் குனிந்து கேட்டார். "அப்ப நீர் கண்டதென்ன?"

"செம்பு முதல் விழுந்தது. பிறகுதான் பெரியப்பா."

பெரியப்பா என்னைப் பார்க்காமல், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வழுக்கி விழுந்தனான். பிள்ளை வடிவாய்க் காணேல்லை."

அவ்வளவுதான். மாமன் தேத்தண்ணியை முழுதாகக் குடித்தார், பனங்கட்டி நல்லது என்றார், நாள் பார்த்து அறிவிப்பதாகச் சொல்லிப் பின்னேர லோஞ்சுக்குப் போனார். அறிவிக்கவேயில்லை.

அப்பா பின்னர் குசினிப் படியில் கவிழ்த்து வைத்திருந்த செம்பை எடுத்தார். விளிம்பில் ஒரு நெளிவு. அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டு, எவ்விடத்தில் என்று கேட்டார். நான் போய் அந்த இடத்தில் நின்றேன். அவர் என் காலடியில் இருந்த காய்ந்த மணலைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். நான் சொன்னது சரி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த நாள் காலையில், கால் எலும்பைப் படம் எடுக்க வேண்டும் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, தமையனை லோஞ்சில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்.

எலும்பில் ஒன்றுமில்லை. இருதயம் இடையிடையே அடிக்காமல் நிற்கிறது என்றும், இனி ஒருமுறை நின்றால் திரும்பத் தொடங்கும் என்று சொல்ல முடியாது என்றும் டொக்டர் சொன்னாராம். மருந்து கொடுத்தார்கள். பெரியப்பா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தார். எனக்கு ஆசிரியை நியமனம் கிடைத்த அன்று அப்பா டொக்டர் சொன்னதைச் சொன்னார், வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஊருக்கு அது கடைசிவரை சுளுக்குத்தான். ஆகவே என் பக்கத்துக்குச் சாட்சி இல்லாமலே போயிற்று. கலியாணம் குழம்பியதற்குக் காரணமாக என் ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. நிபந்தனை வைத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆகவே இன்று எழுதுகிறேன்.

பெரியப்பா என்னோடு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அடுத்த விடுமுறையிலிருந்து, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். "பிள்ளை, ஒருக்கா வந்து நில்." ஏன் என்று கேட்டால், "சும்மா நில்." நான் போய் நிற்பேன். கழுவி முடிந்ததும் செம்பை என் கையில் தந்துவிட்டு முன்னே நடப்பார். வடிவாய்க் காணாத பிள்ளை என்று சபையில் சொன்னவர், தன்னைக் கண்காணிக்க வேறு ஒருவரையும் கூப்பிடவில்லை. எனக்கு அது போதும்.

அக்காவின் கதை வேறு. மாமன் போன அன்று பின்னேரம் அவ எனக்குத் தலை பின்னினா. தேவைக்கு மேல் இறுக்கிப் பின்னினா. கடைசியில் நாடாவை முடிந்துகொண்டு கேட்டா: "பிழையாய் எழுதிப்போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நீ என்ன குறைஞ்சு போயிருப்பாய்?"

தை பிறந்த பிறகு, தலையணை உறையில் இருந்த நீல எழுத்தை ஊசி நுனியால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தெடுத்தா. துணியில் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. அந்த உறைகள் பிறகு எனக்குத்தான் வந்தன. விடுமுறை இரவுகளில் கன்னத்தை வைத்தால் எழுத்து இன்னும் அங்கே இருப்பது தெரியும். நாலு வருடம் கழித்து அக்காவுக்கு வேறிடத்தில் நல்ல கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது செம்பும் உறைகளும் எங்கள் கையை விட்டுப் போன பிறகு அவ கனடாவுக்குப் போனா. எனக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் அந்தத் துளைகளுக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இருந்ததில்லை.

முப்பத்துநாலு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். அந்தச் சொல்லை ஒவ்வொரு வகுப்புக்கும் சாய்மனைக் கதிரை கொண்டே விளக்கினேன். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரியூசனால் வந்து கொலாப்ஸ் ஆகிட்டன் என்று சொல்லிக் கைப்பேசியோடு கட்டிலில் ஏறுகிறார்கள். பத்திரிகையில் பேச்சுவார்த்தையும் வங்கியும் அதே சொல்லால் மடிகின்றன. பிள்ளைகளை நான் திருத்துவேன். திருத்தினால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இத்தோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கனடாவிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசி எடுத்தார். அங்கே விடிந்து சற்று நேரம்.

"சின்னம்மா, அம்மா வாசல் பனியிலை வழுக்கி விழுந்திட்டா. பயப்பிட ஒண்டுமில்லை. கையிலை சின்ன அடி. டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு வாறம்."

அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். எண்பத்தைந்து வயது. சுகமா என்று கேட்கவில்லை.

"எங்கை விழுந்தனீங்கள், அக்கா?"

"வாசலிலை. ஒரே பனி."

"கையிலை என்ன வைச்சிருந்தனீங்கள்?"

"தேத்தண்ணிக் கோப்பை," என்றா யோசியாமல்.

"பனிக்குள்ளை தேத்தண்ணிக் கோப்பையோடை போனனீங்களோ?"

தூரத்தில் ஒரு கதவு சாத்துவதும் மகன் யாரோடோ ஆங்கிலத்தில் பேசுவதும் கேட்டன. அக்கா தனியாகத்தான் இருக்கிறா. விழுகிறவ என்று பெயர் வந்தால் அந்த வீட்டில் தனிய இருக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அந்த முற்றத்தில் நின்றதைப் போலவே விட்டுக்கொடுக்காமல் காத்திருந்தேன்.

"குசினிக்குள்ளைதான்," என்றா கடைசியில், மெல்ல. "கோப்பை முதல் விழுந்தது."

அவ தொலைபேசியைப் பொத்தாமலே மகனைக் கூப்பிட்டா. தம்பி, வழுக்கேல்லை, டொக்டருக்கு வடிவாய்ச் சொல்ல வேணும், ஒரு பேப்பர் எடு என்றா. பிறகு என்னிடம் சொன்னா:

"உன்ரை அந்தச் சொல்லைச் சொல்லு. அவன் எழுதட்டும்."

நான் கதிரையை விட்டு எழும்பி நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னேன். இரண்டு எல்.